மலை வீட்டுக் கொல்லைக்கு எந்தச் சின்னக் கோழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து வேலியோரம் நின்று கேட்பவர்கள் ஓய்ந்ததில்லை. அருவங்காடு, வெலிங்டன், கோத்தகிரி, கூடலூர், அப்புறம் கொடைக்கானலில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று யார் கேட்டாலும் சுற்றிச்சுற்றி இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டிருக்கிறேன். அரை சென்ட், ஒரு சென்ட் கொல்லையில் நாலு முதல் எட்டுக் கோழி வளர்க்க நினைப்பவர்களுக்கானது இது. பண்ணை வைக்கப் போகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

அக்கா, சின்னக் கோழின்னா எதையெல்லாம் சொல்றீங்க?

முழுசாக வளர்ந்த பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாத எதையும் இங்கே சின்னக் கோழி என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் நாட்டுக்கோழியில் சின்ன ரகமான சிறுவிடை முதலில் வரும். அடுத்தது பேண்டம் என்று ஆசைக்கு வளர்க்கும் குட்டி இனங்கள்: சில்கி, செப்ரைட், ஜப்பான் பேண்டம், கொச்சின் பேண்டம். கடக்நாத் என்கிற கருங்கோழியையும் இதில் சேர்க்கலாம். பெட்டை ஒன்றேகால் கிலோ அளவில் நின்றுவிடும்.

பெருவிடை, அசீல், பிரம்மா, கிரிராஜா, வனராஜா எல்லாம் இந்தக் கணக்கில் வராது. நல்ல கோழிகள்தான், ஆனால் சின்னக் கொல்லைக்கு அவை பெரிய சுமை. தீவனத்தில் அது பளிச்சென்று தெரியும். பண்ணை முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் அளவு தின்னும். சிறுவிடைக்கு 60 முதல் 80 கிராம் போதும், அதிலும் கொஞ்சத்தைத் தானே கிளறித் தேடிக்கொள்ளும்.

சுத்தி வளைக்காம ஒண்ணு சொல்லுங்க, எதை வாங்கறது?

சிறுவிடை. முதல் தடவை வளர்க்கிறவர் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

இறகு உடம்போடு ஒட்டி, இறுக்கமாக இருக்கும். சாரலில் நனைந்தாலும் உதறிவிட்டுப் போய்விடும். காலில் இறகு இல்லாததால் சேறு ஒட்டாது. கண் கூர்மை, பருந்து நிழல் விழுந்தால் செடிக்கடியில் பாய்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தானே அடைக்கு உட்கார்ந்து, பொரித்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். மலையில் இந்தக் குணம் எவ்வளவு பெரிய உதவி என்பதைக் குஞ்சு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஊட்டிக் குளிர்ல இத்தனூண்டு கோழி விறைச்சுப் போயிடாதா?

எல்லோரும் பயப்படுவது குளிருக்கு. நான் பயப்படுவது ஈரத்துக்கு. உடம்பு சின்னதாக இருந்தால் சூடு சீக்கிரம் வெளியேறும் என்பது உண்மைதான். ஆனால் வளர்ந்த கோழி இறகை உப்பிக்கொண்டு, காலை வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டு, நாலு கோழி நெருங்கி உட்கார்ந்தால் நம் மலைக் குளிரைத் தாங்கிவிடும். இறகு நனைந்திருந்தாலோ, கூண்டுக்குள் காற்று ஈரமாக நின்றாலோதான் தாங்காது. ஈரக் கூளத்தில் எச்சம் ஊறி மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பும். அந்த நெடி சளியைக் கொண்டுவரும். கூடவே குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல். ஜனவரிப் பனியைவிட மழை மாதங்களில்தான் அதிகம் சாகின்றன.

அதனால் உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதைப் பாருங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் சோதனை. கொடைக்கானலிலும் அந்த மாதங்களில்தான் கனமழை. உறைபனி என்றால் காந்தல், தலைக்குந்தா மாதிரிப் பள்ளமான இடங்கள். குளிர்ந்த காற்று இறங்கித் தேங்குவது அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் வீடு என்றால் கூண்டைக் கொல்லையின் மேட்டுப்பக்கம் வையுங்கள். பள்ளத்தில் வைத்தால் நடுக்கம்தான்.

கூண்டின் மேல்பக்கம், கோழி உட்காரும் உயரத்துக்கு மேலே, காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விட்டு வலை அடியுங்கள். குளிருக்குப் பயந்து சாக்கைக் கட்டி எல்லாப் பக்கமும் மூடுகிறவர்கள் வீட்டில்தான் காலையில் கூண்டைத் திறந்தால் கூரையிலிருந்து சொட்டும். அந்தச் சொட்டு, கோழி விட்ட மூச்சுதான். உட்காரும் கம்பு சின்னக் கோழிக்கு ஒன்றரை அங்குலக் கனம் இருந்தால், இறகு காலை முழுசாக மூடிக்கொள்ளும்.

சில்கி ரொம்ப அழகா இருக்கே, குழந்தை கேட்டு அழுவுது. வளர்க்கலாமா?

வளர்க்கலாம், தலைக்கு மேல் கூரை போட்ட இடத்தில் மட்டும். மற்றக் கோழியின் இறகில் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். மழை வழிந்தோடுவதற்கு அதுதான் காரணம். சில்கிக்கு அந்தக் கொக்கிகள் கிடையாது. அதனால்தான் அந்த மெத்து மெத்து. நனைந்தால் பஞ்சு தண்ணீர் குடித்த மாதிரி தோல் வரை ஊறிவிடும், காய்வதற்குள் அந்தி சாய்ந்துவிடும். எங்காவது நனைந்துவிட்டால் உள்ளே கொண்டுபோய்த் துடைத்து, சூடான இடத்தில் வைத்துக் காயவைத்த பிறகுதான் கூண்டுக்கு அனுப்ப வேண்டும்.

அதன் நல்ல குணமும் சொல்ல வேண்டும். பூனைக்குட்டி போலக் கையில் அடங்கும், பறக்காது, அடைக்கு உட்கார்ந்தால் எழுப்பவே முடியாது. கருப்புத் தோல், காலில் ஐந்து விரல்கள் (மற்றக் கோழிக்குப் பெரும்பாலும் நாலுதான்) என்று குழந்தைகளுக்குக் காட்ட நிறைய இருக்கிறது. சிறுவிடை நாலு, சில்கி ஒன்று என்று வைத்தால் மற்றவை தலையைக் கொத்தும். இரண்டாகவோ மூன்றாகவோ, தனியாக வையுங்கள்.

காலில் இறகு வச்ச கொச்சின், தலையில் கொண்டை வச்ச பாலிஷ் கேப்?

கொச்சினின் காலிறகில் சேறு உருண்டை உருண்டையாகக் கட்டிக் காய்ந்து, நடக்க முடியாமல் செய்துவிடும்; ஈரம் தங்கி, கால் செதிலுக்கடியில் புகும் செதில் பூச்சியும் ஏறும். பாலிஷ் கேப்புக்குக் கண்ணை இறகு மறைப்பதால் பருந்து வருவது தெரியாது. சிமெண்ட் தளம், கூரை, முழு வலை இருக்கிற வீட்டுக்காரர்கள் வளர்க்கட்டும். மண் கொல்லைக்கு வேண்டாம்.

கருங்கோழி மருந்துன்னு சொல்றாங்களே?

கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி. அதன் இறைச்சிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இறைச்சியில் கொழுப்புக் குறைவு. அதற்கு மேல் சொல்லப்படும் நோய் தீர்க்கும் கதைகளை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். முட்டையும் கருப்பாக இருக்காது, வெளிர் பழுப்புதான்.

மலைக்கு ஒத்துவருமா என்றால், வரும். இறுக்கமான இறகு, சுறுசுறுப்பு. ஆனால் அடைக்கு உட்காருவதில் நம்ப முடியாது, சிறுவிடையின் அடியில் வைத்துத்தான் பொரிக்க வேண்டியிருக்கும். ஆள் நெருங்கினால் பயந்து பறக்கும்.

நாலு கோழி வச்சா வீட்டுக்கு முட்டை பத்துமா?

சிறுவிடை ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருஷத்துக்கு மூன்று, நாலு ஈடு. ஆக ஒரு கோழிக்கு 60 முட்டை என்று வைத்தால் நாலு கோழிக்கு வாரம் நாலைந்து முட்டை வரும். அதுவும் எல்லா வாரமும் இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை பகல் குறைவு, இறகு உதிரும் காலம், குளிர் எல்லாம் சேர்ந்து கூடு காலியாகவே கிடக்கும். முட்டையும் சின்னது, சிறுவிடை முட்டை 40 கிராம் இருந்தால், கடை முட்டை 55 கிராம். கடை முட்டை இரண்டு போட்டு ஆம்லெட் செய்யும் இடத்தில் இதில் மூன்று.

முட்டைதான் முக்கியம் என்றால் வெள்ளை லெகார்ன் இருக்கிறது. உடம்பும் சின்னது, வருஷத்துக்கு 250-க்கு மேல் இடும். ஆனால் அடைக்கு உட்காராது, பெரிய கொண்டை பனியில் கருகலாம், முழுக்கத் தீவனத்தை நம்பி வாழும். இரண்டு லெகார்ன், மூன்று சிறுவிடை என்று கலந்து வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

எவ்வளவு இடம் வேணும்?

இரவில் அடைய, சின்னக் கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி. பகலில் திரிய, வலை போட்ட இடம் ஒன்றுக்கு ஐந்து, ஆறு சதுர அடி. இது குறைந்தபட்சம். மழை மாதங்களில் நாலு நாள் வெளியே விட முடியாது என்பதால், வலை போட்ட இடத்தில் பாதிக்காவது கூரை போட்டுவிடுங்கள். தரையில் மரத்தூளோ, காய்ந்த சில்வர் ஓக் சருகோ நாலு விரல் கனத்துக்குப் போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் போதும்.

சேவல் இல்லாம முட்டை வைக்குமா? பக்கத்து வீட்ல சண்டைக்கு வருவாங்க.

வைக்கும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். பேண்டம் சேவல் சின்னதாச்சே, சத்தமும் சின்னதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். குரல் கீச்சென்று இருக்கும், கூவுவதும் ஓயாது. வீடுகள் நெருங்கிய லைன் வீடு, குவார்ட்டர்ஸ் என்றால் சேவல் வேண்டாம். வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும், நகராட்சி, கன்டோன்மென்ட் எல்லைக்குள் என்றால் அந்த அலுவலகத்திலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

தெருவில் கலர் குஞ்சு விக்கறாங்களே, அது வளர்ந்தா முட்டை வைக்குமா?

அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்துவிடும் ஆண் குஞ்சுகள், சாயம் முக்கியவை. பிழைத்தாலும் சேவலாகத்தான் நிற்கும். சூடில்லாமல் தெருவில் வைத்திருப்பதால் பிழைப்பதே கஷ்டம்.

சிறுவிடைன்னு சொல்லி வேற எதையாவது தலையில் கட்டிட்டா எப்படித் தெரியும்?

இது நியாயமான பயம். கிரிராஜா கலப்பு, பெருவிடைக் கலப்பு எல்லாம் நாட்டுக்கோழி என்ற ஒரே பெயரில் விற்கிறது. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சிறுவிடை எல்லா நிறத்திலும் வரும். காலைப் பாருங்கள். கணுக்கால் மெல்லிசாக, உடம்புக்குத் தக்க சிறியதாக இருக்க வேண்டும். இரண்டு மாதக் குஞ்சுக்குக் கால் தடிமனாகத் தூண் மாதிரி இருந்தால் அது பெரிதாகப் போகிறது என்று அர்த்தம்.

ஒருநாள் குஞ்சில் இதெல்லாம் தெரியாது. தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு இடம் பாருங்கள். நான் சிபாரிசு செய்வது நாலைந்து மாத விடைக்கோழி, அதாவது இன்னும் முட்டை வைக்கத் தொடங்காத இளம் பெட்டை. விலை கூடத்தான், ஆனால் சேவலா பெட்டையா என்ற குழப்பமும் குஞ்சுச் சாவும் மிச்சம்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிட்டு வந்தா இங்க தாங்குமா?

தாங்கும், மாதம் பார்த்து வாங்கினால். மார்ச், ஏப்ரலில் கொண்டுவந்தால் மழைக்குள் உடம்பு பழகிவிடும். டிசம்பரில் சமவெளி வெயிலிலிருந்து எடுத்து ஒரே நாளில் மேலே ஏற்றுவது கொடுமை. அட்டைப்பெட்டியில் நாலு பக்கமும் ஓட்டை போட்டு, வளைவில் சறுக்காமல் இருக்க அடியில் சாக்கு விரித்து, காலை நேரத்தில் ஏற்றுங்கள். வந்ததும் பழைய கோழிகளோடு விடாமல் மூன்று வாரம் தனியாக வையுங்கள்.

கேரளத்தில் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால் எல்லைச் சோதனைச் சாவடிகளில் கோழி, முட்டை, தீவன வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். கூடலூர்க்காரர்கள் அந்தச் சமயத்தில் புதுக் கோழி வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள்.

எங்க தெருவில் சிறுத்தை வருது. சின்னக் கோழி வச்சா இன்னும் இழுக்காதா?

சிறுத்தைக்குக் கோழியைவிட நாய்தான் இஷ்டம். ஆனாலும் திறந்த கூண்டில் கோழி இருந்தால் விடாது. செத்த கோழியைக் கொல்லையில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். வாடைதான் அழைத்து வரும். இருட்டும் முன்பே அடைத்து, தாழ்ப்பாள் போட்டு, கொக்கியும் மாட்டுங்கள்.

உண்மையில் சின்னக் கோழிக்கு எமன் கீரியும் மரநாயும். கடையில் கோழி வலை என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைக்க உதவும், இவற்றை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். சுற்றிலும் ஒரு அடி தரைக்குள் புதையுங்கள், இல்லையென்றால் வெளிப்பக்கம் தரையோடு மடக்கிக் கல் வையுங்கள். குரங்கு முட்டைக்கு வரும் தெருவென்றால் முட்டைப் பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

தேயிலைத் தோட்டத்தில் மேய விடலாமா? சமையலறைக் கழிவு போடலாமா?

தோட்டத்தில் களைக்கொல்லி, பூச்சி மருந்து அடிக்கும் நாட்கள் உங்களுக்குத் தெரிய வராது. சொந்தத் தோட்டம் இல்லையென்றால் விடாதீர்கள். கேரட் தழை, முட்டைக்கோஸ் வெளி இலை, பீட்ரூட் கீரை எல்லாம் தாராளமாகப் போடலாம்.

போடக் கூடாதவை: பச்சை ஏறிய உருளைக்கிழங்கும் அதன் தோலும், வேகாத பீன்ஸ் கொட்டை, அப்புறம் பட்டர் ஃப்ரூட். கடைசியாகச் சொன்னது குன்னூரிலும் கொடைக்கானல் கீழ்மலையிலும் பல கொல்லைகளில் நிற்கிற மரம். பழமும் இலையும் பறவைகளுக்கு விஷம். கூண்டை அந்த மரத்தடியில் போடாதீர்கள். தீவனத்தை மூடியுள்ள டப்பாவில் வைத்து, பூஞ்சை வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். நம் ஈரக் காற்றில் மூட்டையாக வாங்கிச் சேர்த்து வைப்பது லாபமில்லை.

குஞ்சுக்கு பல்பு போடணுமா? இன்குபேட்டர் வாங்கலாமா?

தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சமவெளியில் மூன்று வாரத்தில் நிறுத்துவதை இங்கே ஐந்து, ஆறு வாரம் ஓட்ட வேண்டும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு தேடுங்கள். மழையில் மரம் விழுந்து இரவு முழுக்கக் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள், கோழிக்கும் உங்களுக்கும் ஆபத்து. அடைக்கோழிதான் கரண்ட் போகாத பல்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்குபேட்டரில் இன்னொரு சிக்கல். சமவெளிக் கோழியின் முட்டையை ஊட்டி உயரத்தில், அதாவது 2200 மீட்டரில் பொரிக்க வைத்தால் பொரிப்பு குறையும். காற்று மெலிந்திருப்பதால் ஓட்டின் துளைகள் வழியே ஈரம் வேகமாக வெளியேறும், உள்ளே வளரும் கருவுக்கு ஆக்சிஜனும் குறைவு. இங்கேயே பழகிய கோழியின் முட்டை பரவாயில்லை. கீழிருந்து முட்டை வாங்கி வந்தால், கூர் முனை கீழே இருக்க ஒரு நாள் ஆடாமல் வைத்துவிட்டு அடைக்கு வையுங்கள்.

குட்டைக்கால் கோழி ஜோடி வாங்கினேன். அடை வச்சா பாதி முட்டை பொரியவே மாட்டேங்குது. குளிரா?

குளிர் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் ஒரு பங்கு பிறவியிலேயே இருக்கிறது. காலைக் குட்டையாக்கும் மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குட்டைக்கால் சேவலும் குட்டைக்கால் பெட்டையும் சேர்ந்தால் நாலில் ஒரு முட்டை இப்படிப் போகும். ஜப்பான் பேண்டமும் இப்படித்தான்.

சாதாரணக் கால் உள்ள சேவலோடு சேர்த்துவிடுங்கள். குஞ்சுகளில் பாதி குட்டையாக, பாதி உயரமாக வரும், இந்த இழப்பு இருக்காது. மழைக்காலத்தில் குட்டைக்காலின் வயிறு சேற்றில் உரசும் என்பதையும் பாருங்கள். மேலே ஈரத்தைப் பற்றிச் சொன்னது முழுசாக இதற்கும் பொருந்தும்.

காட்டுக்கோழி முட்டை கிடைச்சுது. நம்ம கோழி அடியில் வச்சா நல்ல ஜாதி வருமாமே?

வேண்டாம். நம் மலையில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் முட்டையை எடுப்பதே குற்றம். பொரித்தாலும் கூண்டுக்குப் பழகாது, வலையில் மோதி மண்டையை உடைத்துக்கொள்ளும். அந்த ரத்தம் வேண்டும் என்று ஆசைப்பட்டால், நம் வீட்டுக் கோழியின் மஞ்சள் காலைப் பார்த்துத் திருப்திப்படுங்கள். மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சின்னக் கோழிதானே, வெள்ளைக் கழிச்சல் மருந்து பாதி போட்டா போதுமா?

போதாது. குடல்பூச்சி மருந்துக்குத்தான் எடைக் கணக்கு. தடுப்பு மருந்துக்குப் பெரிய கோழியானாலும் பேண்டமானாலும் ஒரே அளவு. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. தாயோடு திரியும் குஞ்சுகளுக்கு இதை மறந்துவிடுகிறார்கள், கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும்.

குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். கரைத்த பிறகு ஐஸில் வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் தெருவில் கோழி வைத்திருக்கும் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போடுங்கள். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொன்னால் நாள் சொல்வார்கள், வருஷத்துக்கு ஒருமுறை இலவச முகாமும் நடக்கும்.

ரெண்டு வருஷமா அதே சேவல், குஞ்சு வரவர நோஞ்சானா வருது?

சேவல் தன் மகள்களோடேயே சேர்கிறது, அதுதான். நாலைந்து கோழி உள்ள கொல்லையில் இது சீக்கிரமே நடக்கும். வருஷா வருஷம், அதிகம் போனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சேவலை மாற்றுங்கள். காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. நாலு தெரு தள்ளிச் சிறுவிடை வளர்ப்பவரோடு சேவலை மாற்றிக்கொள்ளலாம். பெரிய சேவலாகப் பிடித்து வந்துவிடாதீர்கள், சின்னப் பெட்டையின் முதுகு கிழிந்துவிடும். வந்த சேவலையும் மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும், மேட்டுப்பாளையத்துக் கேள்வியில் சொன்ன மாதிரியே.